‘சன்னீஸ்’ சின்னப்பிள்ளைச் சொல்லா, ‘கூலிங் கிளாஸ்’ பிழையா?

உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். மெல்பேர்ணிலிருந்து நல்லூர்த் திருவிழாவுக்கு வந்திருக்கும் உங்கள் பெறாமகன், 14 வயதுப் பிள்ளை, கசூரினாக் கடற்கரையில் நின்றுகொண்டு “சித்தி, என்ர சன்னீஸ் வானுக்குள்ள கிடக்கு, எடுத்துத் தாங்கோ” என்று கேட்டிருக்கிறான். உங்களுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மம்மாவுக்கு அது சனீஸ்வரன் மாதிரிக் கேட்டிருக்கிறது. பிறகு பார்த்தால் அவன் கேட்டது கூலிங் கிளாஸ். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்ட உங்கள் மகள் ஆங்கிலக் கட்டுரையில் அதை எழுதப்போக, ஆசிரியர் சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டார். இது உண்மையான ஆங்கிலச் சொல்லா, அல்லது பிள்ளைகள் செல்லமாகச் சொல்வதா, நாங்கள் சொல்கிற கூலிங் கிளாஸ் பிழையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் “அவனுக்கு முன்னால் கூலிங் கிளாஸ் என்று சொல்ல இப்ப வெட்கமாக இருக்கிறது” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்களை உறுத்துகிற உண்மையான கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் யாழ்ப்பாணத்தில் 27 வருடமாக ஆங்கிலம் படிப்பிக்கிறேன். முதல் பாதி பள்ளிக்கூடத்தில், பிறகு வெளிநாடு போகிறவர்களுக்கான மாலை வகுப்பு. படித்தவர்களில் நிறையப் பேர் இப்போது மெல்பேர்ணிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். போன புதிதில் வேலைத்தளத்தில் காதில் விழுந்த சொல் விளங்காவிட்டால் இரவு வட்ஸ்அப்பில் குரல் பதிவு வரும், “ரீச்சர், இது என்ன சொல்லு?” என்று. அப்படி வந்த சொற்களை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருக்கிறேன். சன்னீஸ் அதன் இரண்டாம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆகவே சொல்லைப் பற்றி நம்பிக்கையோடு சொல்வேன். கண்ணைப் பற்றி நான் சொல்வதை ஒரு மொழி ஆசிரியர் சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு வைத்தியர் இருக்கிறார். ஊகமாகச் சொல்லும் இடங்களில் ஊகம் என்றே சொல்கிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். சன்னீஸ் உண்மையான சொல்தான். அவுஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் வெயிலுக்குப் போடும் கண்ணாடிக்கு அன்றாடம் புழங்கும் பேச்சுச் சொல் அது. சின்னப்பிள்ளை, தாய், தகப்பன், பஸ் ஓட்டுநர், வைத்தியர் எல்லாரும் சொல்வார்கள். அவுஸ்திரேலிய ஆங்கிலத்துக்கென்றே இருக்கும் மக்குவாரி அகராதியிலும் இடம் பிடித்த சொல். அங்கே போய் ஒருவர் அதைச் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். உங்கள் பெறாமகன் எங்களிடம் எடுப்புக் காட்டுவதற்காக அதைச் சொல்லவில்லை. அவன் வீட்டில், பள்ளிக்கூடத்தில், கடற்கரையில் அந்தப் பொருளுக்கு அதுதான் பெயர்.

அங்கே இந்தப் பொருள் இவ்வளவு சாதாரணமானதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டால் சொல் நன்றாக விளங்கும். உலகத்திலேயே தோல் புற்றுநோய் மிக அதிகமாக வரும் நாடுகளில் அவுஸ்திரேலியாவும் ஒன்று. 1981இல் விக்டோரியா மாநிலத்தின் புற்றுநோய்த் தடுப்பு அமைப்பு தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் போட்டது. சிட் என்ற கடற்பறவை ஆடிப் பாடி, சட்டையைப் போடு, கிரீமைப் பூசு, தொப்பியைப் போடு என்று சொல்லும். ஸ்லிப், ஸ்லொப், ஸ்லப் என்று மூன்று சொல், மூன்றும் ஒரே ஓசையில் தொடங்கும், அதனால் பிள்ளைகள் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. 2007இல் இன்னும் இரண்டைச் சேர்த்தார்கள்: நிழலைத் தேடு, கண்ணாடியை மாட்டு. அந்தக் கடைசி வரியைப் பலரும் “ஸ்லைட் ஒன் சம் சன்னீஸ்” என்றுதான் சொல்வார்கள். பல ஆரம்பப் பள்ளிக்கூடங்களில் தொப்பி இல்லாத பிள்ளையை வெயிலில் விளையாட விடமாட்டார்கள். அப்படி ஒரு நாட்டில் வளர்ந்த பிள்ளைக்குக் கறுப்புக் கண்ணாடி என்பது எங்களுக்குக் குடை மாதிரி. குடையை யாராவது ஸ்ரைலுக்குக் கொண்டுபோவார்களா?

சரி, அப்படியென்றால் அந்தச் சொல் ஏன் எங்கள் காதுக்குக் குழந்தைப் பேச்சாகக் கேட்கிறது? எங்களுக்கு ஆங்கிலம் வந்த வழி பிரித்தானியர் வழி. அந்த ஆங்கிலத்தில் சொல்லின் முடிவில் ‘ஈ’ ஓசை ஒட்டுவதை நாங்கள் கண்டது பெரும்பாலும் குழந்தைகளோடு கொஞ்சும்போதுதான். நாயை டொகி என்பார்கள், வயிற்றை ரம்மி என்பார்கள். அதனால் சன்னீஸ் என்றதும் பால்குடிப் பிள்ளையின் சொல் என்று நாங்கள் முடிவு கட்டிவிடுகிறோம். அவுஸ்திரேலிய ஆங்கிலத்தில் அதே ‘ஈ’க்கு வேலை வேறு. நீளமான சொல்லின் முன்துண்டை வைத்துக்கொண்டு மிச்சத்தை வெட்டிவிட்டு, முடிவில் ‘ஈ’ ஓசையோ ‘ஓ’ ஓசையோ ஒட்டுவார்கள். காலைச் சாப்பாடு பிரெக்கி. நுளம்பு மொஸி. தபால்காரர் போஸ்ரி. மேசன், தச்சர், கரண்ட் வேலை செய்கிறவர் எல்லாரும் ட்ரேடி. சொந்தக்காரர் ரெலீஸ். பிரிஸ்பன் நகரம் பிரிஸி. ‘ஓ’ பக்கம் வந்தால் பின்னேரம் ஆர்வோ, பெற்றோல் செட் சேர்வோ, வேலைக்கு நடுவில் தேத்தண்ணிக்கு விடும் நேரம் ஸ்மோகோ. இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் சன்னீஸ்: சன் கிளாஸஸில் கிளாஸை வெட்டி எடுத்தாயிற்று, சன் நின்றது, ‘ஈ’ ஒட்டியது, கண்ணாடிக்குரிய பன்மை ‘ஸ்’ அப்படியே இருக்கிறது.

சீமெந்து மூட்டை தூக்குகிற ஆறடி மனிதர் “பிரெக்கி சாப்பிட்டாச்சா, சன்னீஸ் எங்கே” என்று கேட்கும்போது அதில் கொஞ்சல் எதுவும் இல்லை. முறைக்குக் கதைக்கவில்லை, சேர்ந்து நின்று கதைக்கிறேன் என்ற ஒரு தொனிதான் உண்டு. முதலாளியும் அதைத்தான் சொல்வார், அவருக்குக் கீழே வேலை செய்கிற பெடியனும் அதைத்தான் சொல்வான். அந்தச் சமத்துவ மனப்பான்மைதான் இந்தச் சுருக்கங்களை வளர்த்தது என்று நான் நம்புகிறேன். ஆனால் அது என் கணிப்பு, அதை உறுதியான உண்மையாக வகுப்பில் படிப்பிக்க மாட்டேன். சுருக்குவதில் நாங்களும் குறைந்தவர்கள் இல்லையே. பரமேஸ்வரி பரமாவாகிறார், சிவபாக்கியம் பாக்கியமாகிறார், அதைச் சின்னப்பிள்ளைப் பேச்சு என்று யாரும் சொல்வதில்லை. நாங்கள் ஆட்களின் பெயரைச் சுருக்குகிறோம், அவர்கள் பொருட்களின் பெயரையும் சேர்த்துச் சுருக்குகிறார்கள்.

இந்தச் சொல் விளங்காமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். என்னிடம் படித்த பெடியன் ஒருவன், ஆங்கிலப் பரீட்சையில் நல்ல புள்ளி எடுத்தவன், மெல்பேர்ண் போய் ஒரு தோட்ட வேலைக்குச் சேர்ந்தான். மூன்றாம் நாள் காலை. வேலைக்குப் போகும் வான் வண்டியில் எல்லாரும் ஏறுகிறார்கள், மேற்பார்வையாளர் கதவைப் பிடித்துக்கொண்டு இவனைப் பார்த்து “நோ சன்னீஸ்?” என்று கேட்டிருக்கிறார். இவன் வானத்தை நிமிர்ந்து பார்த்தான். ஒரு முகில் இல்லை. “யெஸ், வெரி சன்னி” என்றான். அவர் ஒரு கணம் பேசாமல் நின்றார், பிறகு தன் நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டிருந்த கண்ணாடியை விரலால் தட்டிக் காட்டினார், வானின் தட்டுக்குள் கிடந்த இன்னொன்றை எடுத்து இவன் கையில் வைத்தார். அவ்வளவுதான். யாரும் நக்கல் அடிக்கவில்லை. ஆனால் அன்று இரவு எனக்கு வந்த குரல் பதிவு ஆறு நிமிடம். “ரீச்சர், எனக்கு எல்லா கிராமரும் தெரியும், ஒரு கண்ணாடியின்ர பேர் தெரியேல்ல” என்றான். அவன் குரலில் இருந்த வாட்டம் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் மாலை வகுப்பில் ஒவ்வொரு வெள்ளியும் அரை மணித்தியாலம் இந்த மாதிரிச் சொற்களுக்கென்றே ஒதுக்கினேன்.

அவன் சறுக்கிய இடம் உச்சரிப்பும்தான். தமிழில் நாங்கள் சன்னீஸ் என்று இரண்டு ‘ன’ போட்டு அழுத்துகிறோம். ஆங்கிலத்தில் அங்கே ஒரு குறுகிய ‘ன’தான், கிட்டத்தட்ட ‘சனீஸ்’. முடிவில் வரும் ஓசையும் எங்கள் ‘ஸ்’ இல்லை, தேனீ ரீங்காரம் போல அதிர்கிற ஓசை. அது மெல்லிதாகத்தான் கேட்கும், கவனிக்காவிட்டால் ‘சன்னி’ என்றே விழும், வெயிலாக இருக்கிறது என்று பொருள் எடுத்துவிடுவோம். அந்த வகையில் பார்த்தால் உங்கள் அம்மம்மாவின் காது பிழையே இல்லை. சனீஸ்வரனின் முதல் பாதி உண்மையான உச்சரிப்புக்கு எங்கள் எழுத்தைவிடக் கிட்ட இருக்கிறது.

இலக்கணத்தில் ஒரு இடம் உண்டு, அங்கே எங்கள் ஆட்கள் பத்தில் ஒன்பது பேர் விழுவதைப் பார்த்திருக்கிறேன், அதை மகளுக்குக் கட்டாயம் சொல்லிக் கொடுங்கள். தமிழில் கண்ணாடி ஒருமை. “கண்ணாடி உடைஞ்சுபோச்சு” என்போம், “கண்ணாடிகள் உடைஞ்சுபோச்சு” என்று ஒரு சோடிக்குச் சொல்ல மாட்டோம். கத்தரிக்கோலும் காற்சட்டையும் அப்படித்தான். ஆங்கிலத்துக்கு இவை எல்லாம் இரட்டைப் பொருள், எப்போதும் பன்மை. கண்ணாடிக்கு இரண்டு வில்லை, கத்தரிக்கோலுக்கு இரண்டு அலகு, காற்சட்டைக்கு இரண்டு கால். ஆகவே “மை சன்னீஸ் ஆர் இன் த வான்” என்றுதான் வரும், ‘இஸ்’ வராது. ஒன்று என்று சொல்ல வேண்டுமானால் “எ பெயார் ஒஃப் சன்னீஸ்”, அதாவது ஒரு சோடி. “எ சன்னீஸ்” என்று ஒரு சொல் கிடையாது, “மை சன்னி” என்றும் கிடையாது. “மை சன்கிளாஸ் இஸ் புரோக்கன்” என்று எங்கள் ஊரில் படித்தவர்களே எழுதுவதைப் பார்க்கிறேன். அது தமிழ் இலக்கணம் ஆங்கில உடுப்புப் போட்டுக்கொண்டு வருவது. அவுஸ்திரேலியர் அவசரத்தில் “வெயர்ஸ் மை சன்னீஸ்” என்று ‘வெயர் இஸ்’ஸைச் சுருக்கி ஒருமை போட்டுக் கேட்பதும் காதில் விழும். பேச்சில் அது அவர்களுக்குப் பரவாயில்லை, எழுத்தில் நாங்கள் அதைப் பின்பற்றத் தேவையில்லை.

இனி கூலிங் கிளாஸுக்கு வருவோம், எனக்கு நெருக்கமான பகுதி இதுதான். இந்தச் சொல்லை ஆங்கிலேயன் ஒருவன் சொல்வதில்லை. அது எங்கள் பக்கத்து ஆங்கிலம்: தமிழ்நாட்டில் உண்டு, கேரளத்தில் உண்டு, எங்களிடம் உண்டு. வெளிநாட்டுக் கடையில் போய்க் கூலிங் கிளாஸ் கேட்டால் விற்பனையாளருக்கு விளங்காது, சில நேரம் தண்ணீர் குடிக்கும் கிளாஸ் பக்கம் கையைக் காட்டுவார். ஆகவே ஆங்கிலம் பேசும்போது அதைச் சொல்லாதீர்கள், அது ஆங்கிலமாக அங்கே செல்லாது. ஆனால் தமிழ் பேசும்போது அது பிழை என்று யார் சொன்னது? தமிழுக்குள் வந்து, தமிழருக்குள் வளர்ந்து, தனக்கென்று ஒரு பொருள் எடுத்துக்கொண்ட சொல் அது. அவுஸ்திரேலியர் சன் கிளாஸஸை வெட்டித் தங்களுக்கு ஏற்றபடி சன்னீஸ் ஆக்கினார்கள். எங்கள் பக்கத்தவர் தங்களுக்கு ஏற்றபடி கூலிங் கிளாஸ் ஆக்கினார்கள். முதலாவது செய்தவர் கெட்டிக்காரர், இரண்டாவது செய்தவர் படிப்பில்லாதவர் என்று நினைப்பதில்தான் வெட்கம் தொடங்குகிறது.

ஏன் ‘கூலிங்’ என்று வைத்தார்கள்? இது ஊகம், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கண்ணோடு சேர்ந்து வரும் முதல் எண்ணமே சூடும் குளிர்ச்சியும். கண் எரிந்தால் சூடு பிடித்துவிட்டது என்போம், சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்து முழுகினால் கண்ணுக்குக் குளிர்ச்சி என்போம், பிள்ளையை வடிவாக உடுத்திப் பார்த்தால் கண் குளிர்ந்தது என்போம். ஆங்கிலச் சொல் சூரியனைப் பார்க்கிறது, எங்கள் சொல் கண்ணைப் பார்க்கிறது. ஆங்கில உடுப்புப் போட்டிருந்தாலும் உள்ளே ஓடுவது எங்கள் நினைப்பு என்று எனக்குப் படுகிறது. கூல் என்றால் ஸ்ரைல் என்ற பொருளிலிருந்து வந்தது என்று சொல்கிறவர்களும் உண்டு. நான் முதல் விளக்கத்தின் பக்கம்.

என் அம்மாவுக்குக் கண்புரை ஒப்பரேசன் செய்த நேரம் நடந்த ஒன்றைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். கண்ணை மூடிக் கட்டியதை எடுத்த பிறகு, வெளிச்சம் கூசாமல் இருக்க ஒரு பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். என் அக்காவின் மகள் ஓடிவந்து “அம்மம்மா கூலிங் கிளாஸ் போட்டிருக்கிறா!” என்று கைதட்டினாள். அம்மாவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. “இது கூலிங் கிளாஸ் இல்லைப் பிள்ளை, டொக்டர் போடச் சொன்ன கறுப்புக் கண்ணாடி” என்றார். பொருள் ஒன்றுதான். கறுப்பு வில்லை, காதில் மாட்டும் இரண்டு கொடுக்கு. ஆனால் அம்மாவுக்குக் கூலிங் கிளாஸ் என்பது மோட்டார் சைக்கிளில் பெடியங்கள் போட்டுக்கொண்டு போவது, கறுப்புக் கண்ணாடி என்பது தேவைக்குப் போடுவது. ஒரே பொருளுக்கு ஒரு முறையான சொல், ஒரு பேச்சுச் சொல், இரண்டுக்கும் வேறு வேறு தொனி. ஆங்கிலத்தில் சன்கிளாஸஸுக்கும் சன்னீஸுக்கும் இடையில் இருப்பதும் கிட்டத்தட்ட இதே இடைவெளிதான். இதை உங்கள் மகளுக்கு இப்படியே சொல்லிப் பாருங்கள், பத்துப் பக்க விளக்கத்தைவிட விரைவாக விளங்கும்.

மகளின் கட்டுரையை ஆசிரியர் வெட்டியது சரியா? எந்த மாதிரிக் கட்டுரை என்று நீங்கள் எழுதவில்லை, அதனால் இரண்டு விதமாகவும் சொல்கிறேன். கடலோரச் சுற்றாடலைப் பாதுகாப்பது எப்படி என்ற மாதிரிப் பொதுக் கட்டுரை என்றால் வெட்டியது சரி, அங்கே சன்கிளாஸஸ்தான் பொருந்தும். நண்பருக்கு எழுதும் கடிதம், அல்லது இரண்டு பேர் கதைக்கும் உரையாடல் என்றால் அந்தச் சொல் நிற்கலாம், அதுவும் பேசுகிற பாத்திரம் அவுஸ்திரேலியாவில் இருந்து வந்த பிள்ளை என்றால் அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. ‘இங்கே பொருந்தாது’ என்று ஆசிரியர் எழுதியிருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். ‘இப்படி ஒரு சொல் இல்லை’ என்று எழுதியிருந்தால் அது பிழை. ஆனால் அதற்காகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சண்டை பிடிக்காதீர்கள். அவர் படித்த ஆங்கிலத்தில் அந்தச் சொல் வந்திராது, எனக்கும் படிப்பிக்கத் தொடங்கிய காலத்தில் தெரியாது. மகள் அகராதிப் பக்கத்தைக் கொண்டுபோய் மரியாதையாகக் காட்டட்டும், நல்ல ஆசிரியர் சந்தோசப்படுவார்.

ஐ.ஈ.எல்.ரீ.எஸ். என்ற ஆங்கிலத் தகுதிப் பரீட்சை எடுக்கப்போகிற பிள்ளைகளும் இதையே கேட்பார்கள். பேச்சுப் பகுதியில் இப்படியான பேச்சுச் சொல்லை இயல்பாகச் சொன்னால் புள்ளி குறையாது, சரியான இடத்தில் வந்தால் நன்மைதான். எழுத்துப் பகுதியின் நீண்ட கட்டுரையில் தவிருங்கள். கேட்டல் பகுதியில் அவுஸ்திரேலியக் குரல்களும் வரும், அதனால் காதுக்குப் பழக்கம் இருப்பது நல்லது. அதேபோல, தொலைந்த பயணப் பைக்கு நட்டஈடு கேட்கும் படிவத்தில், பொலிஸ் முறைப்பாட்டில், வைத்தியருக்கு எழுதும் கடிதத்தில் சன்கிளாஸஸ் என்றே எழுதுங்கள், எந்த நாட்டிலும் யாருக்கும் விளங்கும். போன புதிதில் வாயைத் திறந்தால் சன்னீஸ், ஆர்வோ, பிரெக்கி என்று அடுக்குகிற பெடியங்களையும் பார்த்திருக்கிறேன். இரவல் சட்டை மாதிரித் தெரியும். முதல் சில மாதம் காதுக்குப் பழக்குங்கள், பக்கத்தில் இருப்பவர் சொன்னால் நீங்களும் திருப்பிச் சொல்லுங்கள், வாய் தானாகப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, எல்லா வெளிநாட்டுச் சொந்தக்காரரிடமும் இது செல்லாது. கனடாவிலோ அமெரிக்காவிலோ பேச்சுச் சொல் ஷேட்ஸ். அங்கே மீன் பிடிக்கிறவர்களிடம் சன்னீஸ் என்றால் ஆற்றிலும் குளத்திலும் தூண்டிலில் பிடிபடும் ஒரு சின்ன மீன் இனத்தை நினைப்பார்கள். லண்டன் பக்கமும் ஷேட்ஸ் உண்டு, இப்போது இளம் ஆட்களிடம் சன்னீஸும் காதில் விழுகிறது. அவுஸ்திரேலியத் தொலைக்காட்சித் தொடர்கள் கொண்டுபோனது என்று சிலர் சொல்வார்கள், எனக்கு அது நிச்சயமில்லை. இந்தியாவில் வடக்குப் பக்கம் கொகிள்ஸ் என்பார்கள். இங்கிலாந்திலோ அவுஸ்திரேலியாவிலோ கொகிள்ஸ் கேட்டால் நீச்சலுக்கோ வெல்டிங்குக்கோ போடுவதைத்தான் எடுத்துத் தருவார்கள். எங்கள் நாட்டிலேயே சிங்களத்தில் அவ் கண்ணாடி. அவ் என்றால் வெயில், கண்ணாடி எங்கள் கண்ணாடியேதான், தமிழிலிருந்து போனது. தமிழில் வெயில் கண்ணாடி என்று சொன்னாலும் நல்ல சொல்தான், பத்திரிகைகளில் குளிர்கண்ணாடி என்றும் எழுதுகிறார்கள், ஆனால் குளிர்கண்ணாடி யார் வாயிலும் வந்து நான் கேட்டதில்லை. வீட்டில் கறுப்புக் கண்ணாடி, கூலிங் கிளாஸ் இரண்டும் போதும்.

பெறாமகனிடம் என்ன சொல்வது என்று கேட்டால், கூலிங் கிளாஸ் என்றே சொல்லுங்கள். தமிழில் கதைக்கும்போது உங்கள் சொல், ஆங்கிலத்தில் கதைக்கும்போது அவன் சொல். அவனும் எங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது, அது சொல்லைவிடப் பழக்கம். அவன் ஊரில் கண்ணாடியைப் போட்டபடியே ஒருவரோடு நின்று கதைக்கலாம், பெரிதாக எடுக்க மாட்டார்கள். இங்கே பெரியவர் ஒருவரோடு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் கதைத்தால் மரியாதை இல்லாத பிள்ளை என்று பெயர் வந்துவிடும், கண்ணைப் பார்த்துக் கதைக்கவில்லை என்பதுதான் காரணம். நல்லூர் வீதியில் வெயிலுக்குப் போட்டுக்கொண்டு வரட்டும், கோயில் வாசலில் சட்டையைக் கழற்றும்போது அதையும் கழற்றிப் பையில் வைக்கச் சொல்லுங்கள். காரணத்தைச் சொன்னால் அந்தப் பிள்ளைகள் கேட்பார்கள். காரணம் சொல்லாமல் “கழட்டு” என்றால் முகம் சுருங்கும்.

ஆனால் வெயிலுக்குப் போடுவதை மட்டும் எடுப்பு என்று சொல்லித் தடுக்காதீர்கள். சித்திரைப் பிறப்பை ஒட்டிய நாட்களிலும் திரும்ப ஓகஸ்ட் மாதக் கடைசியிலும் யாழ்ப்பாணத்தில் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது, திருவிழாக் காலமும் அதையொட்டித்தான் வருகிறது. அவனுடைய கண்ணாடியின் கொடுக்கின் உட்பக்கத்தையோ அதோடு வந்த அட்டையையோ பார்த்தால் 0 தொடக்கம் 4 வரை ஒரு இலக்கம் இருக்கும். 2, 3 என்றால் வெயிலுக்கு நல்லது, 4 மிகவும் இருட்டு, அதைப் போட்டுக்கொண்டு வாகனம் ஓட்டக்கூடாது. வெயிலுக்குப் போடும் கண்ணாடிக்குத் தேசிய தரம் வகுத்த முதல் நாடு அவுஸ்திரேலியா, 1971இல். தெருவோரம் வாங்கும் கறுப்பு வில்லை வெறும் நிறம் பூசியதாக இருந்தால் புற ஊதாக் கதிரைத் தடுக்காது, இருட்டில் கண்மணி விரிந்து இன்னும் கூட உள்ளே போகும் என்று கண்ணாடிக்கடையில் வேலை செய்கிற என் நண்பர் சொல்வார். வாங்குவதானால் 400 நானோமீற்றர் வரையான புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்ற அடையாளம் (UV400) உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அம்மம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் ஏதும் செய்திருந்தால் அவருக்கு எது நல்லது என்பதை மட்டும் கண் வைத்தியரிடம் கேளுங்கள்.

மகளுடைய கட்டுரையில் அந்த வரி வருகிற பந்தியை அப்படியே எழுதிப் போடுங்கள், தலைப்பையும் சேர்த்து. வெட்டியது சரியா என்று பார்த்துச் சொல்கிறேன். ‘இஸ்’ போட்டாளா ‘ஆர்’ போட்டாளா என்பதையும் பார்க்க வேண்டும், சிவப்புப் பேனை ஒருவேளை அதற்காகவும் ஓடியிருக்கலாம்.